லைப்சிக் போனால் தோட்டம் பாருங்கள்

ஜெர்மனி என்றாலே மியூனிக் பீர் திருவிழா, நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை என்றுதான் டூர் பேக்கேஜ் விற்கிறார்கள். அந்தக் காசை மிச்சம் பிடித்து லைப்சிக் போங்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

ஞாயிறன்று கடைவீதி வெறிச்சோடிக் கிடக்கும். 1919ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பில் எழுதிய ஞாயிறு ஓய்வு இன்றைய அரசியலமைப்பிலும் தொடர்கிறது. அப்படியானால் ஊர் ஜனம் எங்கே? தோட்டத்தில்! நகரத்துக்குள்ளேயே வேலி போட்ட சின்னச் சின்னத் தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடில். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள்.

ஷ்ரேபர் தோட்டம் என்று பெயர். ஆனால் ஷ்ரேபர் என்ற மருத்துவர் ஒரு செடிகூட இதற்காக நடவில்லை. அவர் 1861இல் இறந்துவிட்டார். 1864இல் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர், குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைக்க அவர் பெயரில் சங்கம் தொடங்கினார். பிறகு கெசெல் என்ற ஆசிரியர் திடலோரம் பிள்ளைகளுக்குப் பாத்தி கட்டிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சலித்துப்போக, பெற்றோர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். அந்த முதல் சங்கத்தின் இடத்திலேயே இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது.

விதிகளுக்குக் குறைவில்லை. தோட்டம் 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, குடில் 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு நிலத்திலாவது காய்கனி விளைய வேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. விதி இல்லாவிட்டால் எல்லோரும் புல்வெளி போட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள்.

ஜெர்மானியர்கள் ஒட்டமாட்டார்கள் என்று சொல்கிறவர்களை இங்கே கூட்டிவர வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிவப்புக் கொத்துப் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி கை நிறையப் பறித்துக் கொடுத்தார். என்ன புளிப்பு, என்ன ருசி!

அப்புறம் சாப்பாடு. தோட்டச் சங்கங்கள் பலவற்றுக்குச் சொந்த உணவகம் உண்டு. வெளியாரும் சாப்பிடலாம். தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, குவார்க் என்ற கட்டித் தயிர் போன்ற ஒன்று, மேலே ஆளிவிதை எண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயம். அவ்வளவுதான். லேசான கசப்போடு அந்த எண்ணெய் சூடான கிழங்கில் இறங்கும்போது வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது. சைவக்காரர்கள் கவலையில்லாமல் கேட்டு வாங்கலாம்.

கோபம் வந்தது ஊர் நடுவில். ஒரு உணவகத்தில் அரை லிட்டர் தண்ணீருக்கு ஐந்து யூரோ! குழாய்த் தண்ணீரே சுத்தமாகக் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். கடையில் பாட்டில் வாங்கினால் காலியானதைத் தூக்கிப் போடாதீர்கள், ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

போக்குவரத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும். 2023இல் 49 யூரோவாக இருந்தது 2026இல் 63 ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு மாதம் முழுக்க நாடெங்கும் உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாம் ஏறலாம். அதிவேக ரயிலில் செல்லாது. இது தானாகத் தொடரும் மாதச் சந்தா, மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.