எஸ்டிடி பூத்துக்கு எதிர் வீடு

போன வாரம் ஒரு கூரியர் பையன் போன் செய்தான். மடிப்பாக்கம் வந்துவிட்டானாம், வீடுதான் கிடைக்கவில்லையாம்.

"நேரா வந்தா ஆறு கடை வரிசையா ஒரு காம்ப்ளெக்ஸ் இருக்கும்பா. அதுல எஸ்டிடி பூத்துக்கு எதிர் வீடு."

"எஸ்டிடின்னா என்ன கடை சார்?"

"போன் பேசுற கடை."

"போன் விக்கிற கடையா?"

"இல்லப்பா, பேசுற கடை. உள்ள போய்ப் பேசிட்டு, காசு குடுத்துட்டு வரணும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ரொம்ப மரியாதையாக, "வீட்ல வேற யாராவது இருந்தா போனைக் குடுங்க சார்" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. 90களில் இரவு 11 மணிக்கு மேல் வெளியூர் போனுக்குக் கால்வாசிக் கட்டணம்தான் என்பதால் தெருவே லுங்கியோடு அந்த பூத் வாசலில் நிற்கும். பெண்ணைப் பம்பாயில் கட்டிக்கொடுத்தவர் கண்ணாடிக் கூண்டுக்குள் கத்திக்கொண்டிருப்பார். வெளியே நாங்கள் சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரையும் சம்பந்தி வீட்டுச் சண்டையையும் சேர்த்துக் கவனிப்போம். 2003இல் செல்போனுக்கு இன்கமிங் இலவசமானது, கூண்டு காலி. அதற்குப் பிறகு அங்கே பிரவுசிங் சென்டர் வந்தது, ரீசார்ஜ் கடை வந்தது, இட்லி மாவுக் கடை வந்தது. இப்போது நாய்த் தீனி விற்கிறார்கள். எங்களுக்கு அது இன்னும் எஸ்டிடி பூத்தான்.

அந்தக் கடைக்காவது ஒரு மரியாதை உண்டு. மூன்றாம் நம்பர் கடையில் எதுவுமே ஒரு வருடம் தாங்கியதில்லை. காம்ப்ளெக்ஸ்காரர் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவார். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார். இதுவரை ஏழெட்டு முறை பிடித்துவிட்டார், சுவர் என்னவோ அதே பச்சைதான். யாரோ வாஸ்துக்காரர் வந்து, இது தெருக்குத்து என்று சொல்ல, கடையோரம் சின்னதாக ஒரு பிள்ளையாரை வைத்தார். அந்தக் காம்ப்ளெக்ஸில் வாடகையும் கொடுக்காமல், காலியும் செய்யாமல் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

அந்த மூன்றாம் நம்பரில் புரோட்டா கடை எடுத்துவிட்டு ஒருவர் பிசியோதெரபி வைத்தார். பழைய போர்டைக் கழற்றினால் செலவு என்று அதன் மேலேயே புது ஃபிளெக்ஸை அடித்துவிட்டார்கள். ஐப்பசி மழைக்காற்றில் ஃபிளெக்ஸின் கீழ்ப்பாதி கிழிந்து போனது. மறுநாள் காலை பால் வாங்கப் போனவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள்: "கழுத்து வலி, இடுப்பு வலிக்கு – கொத்து, வீச்சு, சில்லி." அப்படியே ஒரு மாதம் தொங்கியது. எங்கள் மாடிவீட்டு மாமி, தோள்பட்டை வலிக்குப் போகலாமா என்று கேட்டபோது, எதற்கும் வீச்சு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

நான் சிரிக்கலாமா என்றால், கூடாது. நான்கையும் ஐந்தையும் ஒன்றாக்கி ஒரு ஜிம் வந்தபோது, ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்றார்கள். கட்டினேன். மூன்றாவது வாரம் ஷட்டரில் பூட்டு. அடுத்து வந்தது பிரியாணி கடை. சுவர் முழுக்க இருந்த கண்ணாடிகளை அவர்கள் கழற்றவில்லை. அதனால் மட்டன் எலும்பை உறிஞ்சும் என்னை நான்கு கோணத்தில் நானே பார்க்கலாம். ஜிம்மில் இருந்த மூன்று வாரமும் என் தொப்பையை நான் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. அங்கே இருந்து பார்சல் வாங்கி வந்தால், "இன்னிக்கும் ஜிம்முக்கா?" என்பாள் மனைவி.

இத்தனைக்கும் நடுவில் முதல் கடை ஜெராக்ஸ்காரர் மட்டும் அசையவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மெஷின் முழுகியது. அடுத்த வருடம் நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். வங்கியில் மாற்ற அடையாள அட்டை நகல் வேண்டும் என்று தெருவே அவர் கடைக்கு ஓடியது. சில்லறைதான் யாரிடமும் இல்லை. கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். என் பெயர் அதில் இன்னும் இருக்கலாம், நான் கேட்பதில்லை.

கூரியர் பையன் கடைசியில் அவரிடம்தான் வழி கேட்டு வந்து சேர்ந்தான். பார்சலைக் கொடுத்துவிட்டு, "எதிர்ல டாக் ஃபுட் கடைன்னு சொல்லிருக்கலாம்ல சார்" என்றான். அதற்குள் அது மாறிவிட்டால் என்ன செய்வது?

நேற்று மூன்றாம் நம்பருக்கு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம். காம்ப்ளெக்ஸ்காரர் ஸ்டூல் போட்டு ஏறினார். 'கடை வாடகைக்கு' தகரத்தைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கம்பியைத் தளர்த்தி, எழுத்து சுவர்ப்பக்கம் போகிற மாதிரி திருப்பி மாட்டிவிட்டு இறங்கிக்கொண்டார்.