பழைய மால்ட் டின்னும் பாட்டில் அடியில் கிடைத்த ஈஸ்ட்டும்

மெல்பேர்னை விட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர், வீட்டில் பியர் தயாரிப்பதற்கான, கூப்பர்ஸ் நிறுவனத்தின் 1.7 கிலோ டார்க் ஏல் (கருநிற பியர் வகை) மால்ட் டின் ஒன்றை என்னிடம் கொடுத்துச் சென்றார். பியரை நொதிக்கவைக்கும் பாத்திரமான நொதிகலனோ, உடன் சேர்க்க வேண்டிய சர்க்கரைக் கலவையோ என்னிடம் இல்லை. டின்னின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் 7 கிராம் ஈஸ்ட் பொட்டலம் இருந்தது என்றாலும், டின்னின் பயன்பாட்டுக் காலம் முடியும் தறுவாயில் இருந்ததால் அதை நம்ப மனம் வரவில்லை. ஆகவே கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டே தயாரிப்பது என்று முடிவு செய்தேன். ஆஸ்திரேலியாவில் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. அதை விற்பதும், உரிமமின்றிச் சாராயம் காய்ச்சி வடிப்பதும் குற்றம்.

இத்தகைய டின்னில் இருப்பது, முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றை ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் சேர்த்துப் பாகாகக் கெட்டிப்படுத்திய பொருள். மதுவடிசாலையில் பல மணி நேரம் நடக்கும் வேலை டின்னுக்குள் ஏற்கெனவே முடிந்துவிட்டது. நமக்கு எஞ்சியிருப்பது அந்தப் பாகை நீரில் கரைத்து, ஈஸ்ட்டுக்குத் தூய்மையான, சீரான வெப்பமுள்ள ஓர் இடத்தை அமைத்துக் கொடுப்பதுதான். பாத்திரத்திலும் சுவையிலும் எவ்வளவு மாற்றம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தூய்மையிலும் வெப்பநிலையிலும் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மால்ட் பாகு பழையதானால் நிறம் சற்றுக் கறுக்கும், சுவையும் சிறிது மாறும். ஆனால் பொட்டலத்தில் உள்ள ஈஸ்ட் நாள்பட நாள்பட மடிந்துகொண்டே வரும். 1862இல் அடிலெய்டில் தொடங்கப்பட்ட கூப்பர்ஸ் நிறுவனம், தன் ஏல் வகைகளை இன்றும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடுகிறது. பாட்டிலின் அடியில் படியும் வெண்ணிற வண்டல் உயிருள்ள ஈஸ்ட் என்பதால், அதை மீட்டெடுத்துப் பயன்படுத்துவது ஆஸ்திரேலிய வீட்டுத் தயாரிப்பாளர்களிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். ஆல்கஹால் மிகுந்தால் ஈஸ்ட் களைத்துப் போகும்; எனவே 5.8 சதவீத ஸ்பார்க்ளிங் ஏலைத் தவிர்த்து, 4.5 சதவீத பேல் ஏலில் தேதி புதிதாக இருந்த பாட்டில்களை வாங்கி, வண்டல் கலங்காமல் மேலே இருந்ததை ஊற்றி எடுத்துவிட்டு, அடியில் இருந்த சிறிதளவை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

லிட்டருக்கு 100 கிராம் என்ற அளவில் உலர் மால்ட் பொடியை அரை லிட்டர் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, கிருமிநீக்கம் செய்த கண்ணாடி ஜாடியில் அந்த வண்டலோடு சேர்த்து, வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடினேன். அவ்வப்போது ஜாடியைச் சுழற்றிவிட்டால் ஈஸ்ட்டுக்குப் பிராணவாயு கிடைக்கும். முதல் நாள் எந்த அசைவும் இல்லை. பிறகு ஜாடியின் விளிம்பை ஒட்டி ஊசிமுனை அளவில் குமிழிகள் கோடுகட்டின. அதன்பின் பழுப்பு நுரை ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி, மூடியைத் திறந்ததும் புது ரொட்டியும் பேரிக்காயும் கலந்த வாசனை வந்தது. புளித்த காடி நெடி வந்திருந்தால் தயங்காமல் கொட்டியிருப்பேன். அடியில் ஈஸ்ட் தடித்துப் படிந்ததும் மேலிருந்த நீரை வடித்துவிட்டு, இன்னொரு லிட்டர் புதிய கரைசலைச் சேர்த்துப் பெருக்கிக்கொண்டேன்.

நொதிகலனுக்கு, உணவுப் பொருளுக்கு உகந்தது என்ற குறியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளி போதுமானது. ஊறுகாயோ வினிகரோ இருந்த வாளி வேண்டாம். அந்த வாசனை பிளாஸ்டிக்கை விட்டு நீங்குவதே இல்லை. வாளியைச் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, பின்னர் பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த, மறுபடி அலச வேண்டாத கிருமிநாசினியைத் தெளித்தேன். வாயுவை வெளியே மட்டும் விடும் குமிழ்ப்பூட்டுக்குப் பதிலாக வாளியின் வாயில் மெல்லிய உணவுறைத் தாளை இழுத்து, ரப்பர் வளையம் இட்டு, ஊசியால் ஒரு துளை போட்டால் கரியமில வாயு வெளியேறும், தூசி உள்ளே நுழையாது.

சர்க்கரைக் கலவைக்கு ஈடாக அரைக்கிலோ உலர் மால்ட்டும், மெல்பேர்னின் புறநகரான டான்டினாங்கில் உள்ள இலங்கைத் தமிழர் கடையில் வாங்கிய அரைக்கிலோ பனங்கட்டியும் சேர்த்தேன். பனங்கட்டியில் மண்ணும் நாரும் இருக்கும் என்பதால் கொதிக்கவைத்து வடிகட்டுவது அவசியம். டின்னை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, எல்லாவற்றையும் வாளியில் கரைத்து, 21 லிட்டருக்கு நிரப்பினேன். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பியருக்கு மருந்து வாடையைக் கொடுக்கும் என்பதால், அந்தத் தண்ணீரை முந்தைய நாளே கொதிக்கவைத்து ஆறவிட்டிருந்தேன். கரைசல் நீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.042 காட்டியது. பிறகு பெருக்கிவைத்த ஈஸ்ட்டைச் சேர்த்தேன்.

கூப்பர்ஸ் ஈஸ்ட் வெப்பம் ஏறினால் வாழைப்பழ வாசனையை மிகுதியாகக் கொடுக்கும். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வாளிக்குள் வெப்பம் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி தானாகவே உயரும். இலையுதிர்காலத்தில் மெல்பேர்ன் பகல் இதமாகவும் இரவு கடுங்குளிராகவும் இருக்கும். எனவே துணி துவைக்கும் அறையில் ஒரு பெரிய தொட்டியில் நீர் நிரப்பி, அதனுள் வாளியை நிறுத்தி, அந்த நீரில் மீன்தொட்டி ஹீட்டரை 19 டிகிரிக்கு வைத்தேன். வெயில் ஏறிய பகல்களில் ஹீட்டரை நிறுத்திவிட்டு, உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். சிறப்புக் குளிர்பெட்டி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நுரை அடங்கியதும் நொதித்தல் முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது. ஹைட்ரோமீட்டர் அளவு அடுத்தடுத்த நாட்களில் மாறாமல் நின்றால் மட்டுமே பாட்டிலில் அடைக்கலாம். எஞ்சிய சர்க்கரையோடு அடைத்தால் கண்ணாடி பாட்டில் வெடித்துச் சிதறும். எனக்கு 1.010இல் நிலைத்தது. 1.042இலிருந்து இறங்கிய 0.032ஐ, அதாவது 32 புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டால் ஆல்கஹால் 4.2 சதவீதம், குமிழி உண்டாவதற்காகப் பாட்டிலில் இடும் சர்க்கரை இன்னும் சிறிது கூட்டும். அந்தச் சர்க்கரையைத் துல்லியமாக அளக்க, 168 கிராமைக் கொதிநீரில் கரைத்து மொத்தம் 280 மில்லியாக்கி, மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாச் சிரிஞ்சால் 750 மில்லி பாட்டிலுக்கு 10 மில்லி வீதம் செலுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் 6 கிராம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. வடிக்கும் குழாயை வாயால் உறிஞ்சாமல், கொதித்தாறிய நீரை நிரப்பி ஓட்டத்தைத் தொடங்கினேன்.

பாட்டில்கள் இரண்டு வாரமாவது 18 டிகிரிக்குக் குறையாத இடத்தில் இருந்த பிறகே குளிரூட்ட வேண்டும். பனங்கட்டியின் இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டது; மிஞ்சியது பனங்கட்டிக்கே உரிய மெல்லிய புகைமணமும், டார்க் ஏலின் வறுத்த மால்ட் சுவைக்குப் பின்னால் நாக்கில் நிற்கும் ஒரு வறட்சியும். இனிப்பு வேண்டுவோர் பனங்கட்டியைக் குறைத்து உலர் மால்ட்டைக் கூட்டிக்கொள்ளலாம். வாளியின் அடியில் தங்கிய ஈஸ்ட்டில் ஒரு ஜாடி அளவை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். சில வாரங்களுக்குள் அடுத்த டின்னைத் திறந்தால், புதிய பாட்டில்கள் வாங்காமல் அதையே பயன்படுத்தலாம்.