கோலகுபு பாருவைச் சுற்றி: தோட்டத்து மேடுகளும் மலைச் சாலையும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள கோலகுபு பாருவுக்குச் சைக்கிளோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் பிரேசர் மலையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். வார இறுதிகளில் பொழுது விடிவதற்கு முன்பே கோலாலம்பூர்ப் பக்கமிருந்து காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கி, மலையேறி, மதியத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். கெர்லிங், கலும்பாங் என்று வடக்கே நீளும் தோட்டப் பாதைகளை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இரண்டிலும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில், மலையைக் காட்டிலும் தோட்டத்து மேடுகளே கால்களை அதிகம் சோதிக்கின்றன என்று நான் சொல்வேன். கேட்பவர்கள் இதை நம்புவதில்லை. ஒரு சாலை எதற்காக, எந்தக் காலத்தில் போடப்பட்டது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

முதலில் நகரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். இன்றுள்ள நகரம் பழைய கோலகுபு இருந்த இடத்தில் இல்லை. 1883இல் பழைய அணை ஒன்று உடைந்து ஊரை வாரிக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங்கும் அந்த வெள்ளத்தில் மாண்டார். மீண்டும் எழுந்த ஊரையும் ஆறு விட்டுவைக்கவில்லை. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மணல் ஆற்றுப் படுகையை மேடாக்கியதால் வெள்ளம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில், நகரத் திட்ட அறிஞர் சார்லஸ் ரீட் வகுத்த பூங்கா நகர அமைப்பின்படி, உயரமான இடத்தில் புதிய ஊர் கட்டப்பட்டது. அகலமான தெருக்களும் நிழல் மரங்களும் அப்போது திட்டமிட்டவை. ஏறும் முன் கால்களைச் சூடேற்றிக்கொள்ள இவ்வளவு அமைதியான தெருக்கள் அமைந்த ஊர் இந்த வட்டாரத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

தோட்டப் பாதைக்கு நகரத்திலிருந்து மேற்கே இறங்கி, ரயில் நிலையத்தின் பக்கமாக முதலாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து வடக்கே கெர்லிங், கலும்பாங் வழியாகத் தஞ்சோங் மாலிம்வரை இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை திறந்த பிறகு கனரக வண்டிகளில் பெரும்பங்கு அந்தப் பக்கம் போய்விட்டதால், பழைய சாலையில் ஓரளவு நிம்மதியாக ஓட்டலாம். ஆனால் சுவை பெருஞ்சாலையில் இல்லை; அதிலிருந்து இருபுறமும் பிரியும் தோட்டச் சாலைகளில்தான் இருக்கிறது. அவற்றுள் சில தார் போட்டவை, சில செம்மண். தனியார் தோட்டத்துக்குள் போகும் வழியானால் வாசற்காவலரிடம் கேட்டுவிட்டு நுழைவதே முறை.

இந்தச் சாலைகள் சரக்கை ஏற்றிக்கொண்டு போவதற்காகப் போடப்பட்டவை. முன்பு ரப்பர்ப் பால் லோரிக்கும் இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கும் குறுக்கு வழி வேண்டும் என்பதால், சிறு குன்று எதிர்ப்பட்டால் சுற்றிப் போகாமல் அதன் தலைமேல் ஏறி மறுபுறம் விழுகின்றன. இருநூறு மீட்டர் ஏற்றம், உடனே இறக்கம், பள்ளத்தில் ஒரு சிற்றோடை, மறுபடியும் ஏற்றம். ஒவ்வொரு மேடும் தனியாகப் பார்த்தால் அற்பமானது. ஆனால் இறக்கத்தில் கிடைத்த வேகத்தை நம்பி அடுத்த மேட்டின் பாதிவரை போய், மீதிப் பாதிக்குப் பெடலின் மேல் எழுந்து நின்று மிதித்து, மூச்சு ஆறுவதற்குள் அடுத்ததைச் சந்திக்கும்போது, பதினைந்தாவது கிலோமீட்டரில் தொடைத் தசை பிடித்துக்கொள்கிறது. சீராக ஓட்டும் வாய்ப்பே இங்கு இல்லை.

செம்பனைக் காட்டின் நடுவே திசை தெரியாமல் போவது எளிது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மட்டைகள், ஒரே நிழல். முச்சந்தியில் நிற்கும் முனீஸ்வரர் கோயிலும், லயங்கள் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்த பின்னும் தனியே நிற்கும் மாரியம்மன் கோயிலும்தான் எனக்கு மைல்கற்கள். ரப்பரைப் பெயர்த்துச் செம்பனை நட்டபோதும், தோட்டங்கள் விற்கப்பட்டுத் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறியபோதும், மக்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்குப் போனார்கள். சாமிகளில் பலர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். திருவிழா நாளில் மட்டும் அந்தப் பாதைகளில் கார்கள் நிறைந்துவிடும். மற்ற நாள்களில் நாய்களும் மாடுகளும்தான் எதிர்ப்படும்.

ஓட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லோரியிலிருந்து உதிரும் செம்பனைப் பழங்கள் நசுங்கினால் எண்ணெய் கசியும். அதன்மேல் மழை பெய்தால் வளைவில் சக்கரம் நில்லாது. டிராக்டர்கள் வெளியே வரும் சந்திகளில் சேறும் சேர்ந்துகொள்ளும். வெட்டிப் போட்ட மட்டையின் முள் டயரைத் துளைக்கும் என்பதால், இந்தப் பக்கம் 28 மில்லிமீட்டர் டயருக்குக் குறைவாகப் போட்டுக்கொண்டு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றையும் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி மலைச் சாலை. 55ஆம் எண் கூட்டரசுச் சாலை நகரத்தின் கிழக்கே சிலாங்கூர் ஆற்றை ஒட்டி ஏறுகிறது. முதல் சில கிலோமீட்டரிலேயே சுங்கை சிலாங்கூர் அணை வந்துவிடும். 2000களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணைக்காக கெராச்சி, பெர்த்தாக் என்ற இரண்டு பூர்வகுடிக் கிராமங்களின் தெமுவான் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். நீர்த்தேக்கத்தை வலம்வரும் பகுதியில் சாலை அணைக்காகப் புதிதாக அமைக்கப்பட்டது. எனவே அங்கு மட்டும் அகலமும் உண்டு, தோட்டத்தை நினைவூட்டும் ஏற்ற இறக்கமும் உண்டு. பலர் இந்த இடத்தில் காட்சியில் மயங்கி, வேகமாக மிதித்து, பின்னால் தேவைப்படும் சக்தியைச் செலவழித்துவிடுகிறார்கள். அணையைத் தாண்டியதும் பழைய சாலை தொடங்குகிறது. அதன் குணம் முற்றிலும் வேறு.

குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் ஓடிய காலத்தில், திதிவாங்சா மலைத்தொடரைக் கடந்து பகாங்கின் ரவுப்பை அடைவதற்காக வகுக்கப்பட்ட பாதை அது. சுமை இழுக்கும் மாடு ஏற முடியாத சரிவை அந்தக் காலத்துப் பொறியாளர் போட முடியாது. ஆகவே சாலை மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து, ஓடையைக் கடந்து, மறுபடி வெளியே வந்து, ஒரே சீரான மெல்லிய சரிவில் வளைந்து வளைந்து போகிறது. கேப் எனப்படும் கணவாய்வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல்; உயரமோ மொத்தத்தில் சுமார் எழுநூறு மீட்டர்தான். சராசரிச் சரிவு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவில் நிற்கிறது. முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 28 பல் உள்ள சைக்கிளில், பேசிக்கொண்டே ஏறலாம். மரங்கள் மேலே கூடி நிழல் தருகின்றன. வளைவுக்கு வளைவு நீரோசை மாறுகிறது. மேலே போகப் போக மூங்கிலும் மரப் பெரணியும் கூடும்.

கேப்புக்குச் சில கிலோமீட்டர் முன்னால், 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் கார் கம்யூனிஸ்டுப் படையினரின் பதுங்குத் தாக்குதலுக்கு உள்ளாகி, அவர் கொல்லப்பட்டார். வண்டி வேகமெடுக்க முடியாத வளைவுகள், ஒருபுறம் செங்குத்தான கரை, மறுபுறம் பள்ளத்தாக்கு. சைக்கிளில் மெதுவாகப் போகும்போதுதான், அந்தப் படையினர் ஏன் இந்தச் சாலையைத் தேர்ந்தார்கள் என்பது புரிகிறது.

கேப்பிலிருந்து பிரேசர் மலைவரை இன்னும் எட்டுக் கிலோமீட்டர். பழைய வழி ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ளது. நெடுங்காலம் கதவு போட்டு, ஒரு மணி நேரம் ஏறுகிறவர்களுக்கும் மறு மணி நேரம் இறங்குகிறவர்களுக்குமாக விட்டார்கள். பின்னர் இன்னொரு சாலையும் போடப்பட்டது. மண்சரிவுகளால் ஏற்பாடு அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். இங்கே சரிவு நூற்றுக்கு ஐந்தை எட்டும், காற்றும் குளிரும். மேலே சிறிய மணிக்கூண்டும் கல் வீடுகளும் இருக்கின்றன. 1890களில் இப்பகுதியில் ஈயத் தொழில் செய்த லூயிஸ் ஜேம்ஸ் பிரேசரின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறானது கெந்திங் சாலை. 1960களில் தொழிலதிபர் லிம் கோ தோங் மலையுச்சியில் விடுதி கட்டுவதற்காக வெட்டிய அந்தச் சாலை மோட்டார் யுகத்தின் பிள்ளை. மாட்டைப் பற்றிக் கவலைப்படாமல் நேரே ஏறும். கீழே பத்தாங்காலியிலிருந்தும் ஒரு வழி உண்டு. 2022 டிசம்பரில் 31 உயிர்களைப் பலிகொண்ட மண்சரிவு அந்த வழியில்தான் நேர்ந்தது என்பதால், சாலையின் நிலை தெரியாமல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

எந்தப் பாதையானாலும் ஏழு மணிக்கே, வெளிச்சம் வந்ததும் கிளம்புவது உத்தமம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை தவறாது. நகரத்துச் சந்தைப் பக்கம் தோசையும் தே தாரேயும் விற்கும் அக்கா, "தம்பி, மேலே கடை கிடையாது, போத்தலை நிரப்பிக்கிட்டுப் போங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அணைக்கும் கேப்புக்கும் இடையில், பருவத்தில் டுரியானும் பெத்தாயும் வைத்திருக்கும் சாலையோரப் பந்தல்களைத் தவிர எதையும் நம்ப முடியாது.

இரண்டு நாள் தங்க முடிந்தவர்கள், கால் புதிதாக இருக்கும்போதே மலையை முடித்துவிட வேண்டும் என்று முதல் நாளே பிரேசர் மலைக்குப் போய்விடுகிறார்கள். நான் மாற்றிச் செய்யச் சொல்வேன். களைத்த கால்களைச் சிறிய கியரில் போட்டு, சீரான சரிவில் மூன்று மணி நேரம் மெல்ல மிதிக்க முடியும். களைத்த கால்களால் கெர்லிங் தோட்டத்து மேடுகளில் அடிக்கடி எழுந்து நிற்க முடியாது. ஆகவே சனிக்கிழமை தோட்டம், ஞாயிற்றுக்கிழமை மலை. கேப்பிலிருந்து இறங்கும்போது இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுகளில் லோரி நடுக்கோட்டைத் தாண்டி வரும்.