குடல் துண்டு சொன்ன சாட்சி

ஒரு ஸ்லைடுக்கு ஆயிரம் கல்லீரல் செல்கள். இரண்டாகப் பிரியும் செல் என்று காட்டச் சாயம் ஏறிப் பழுப்பான உட்கருவுக்கு ஒரு பொத்தான், நீலமாகவே நிற்கும் கருவுக்கு இன்னொரு பொத்தான். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டு முழுக்க எனக்கு இதுதான் வேலை. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சைக் கொடுத்து எலியின் கல்லீரலைக் காயப்படுத்தி, ஒரு மூலிகைச் சாறு அது மறுபடி வளர உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். உதவும் என்று நம்பிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். பின்னால் நடந்ததில் அந்த நம்பிக்கைக்கும் பங்குண்டு.

வளர்ந்த எலியின் நலமான கல்லீரலில் நூற்றுக்கு ஒரு செல்கூடப் பிரிந்துகொண்டிருக்காது. அதையே மூன்றில் இரண்டு பங்கு வெட்டி எடுத்துவிட்டால், ஒரு நாளில் செல்கள் கூட்டம் கூட்டமாக டிஎன்ஏவை நகலெடுக்கும்; ஏழு முதல் பத்து நாளில் பழைய எடை திரும்பிவிடும். 1931-இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எலியில் செய்து காட்டிய அந்த அறுவையைத்தான் இன்றும் ஆய்வகங்களில் செய்கிறார்கள். நச்சுக் காயம் இவ்வளவு சுத்தமாக இருக்காது. மத்தியச் சிரையைச் சுற்றியுள்ள செல்கள் முதலில் சாகும். 48 மணி நேர அளவில் மிஞ்சியவை பிரியத் தொடங்கும். செத்த செல், பிரியும் செல், அழற்சியால் வந்து குவிந்த வெள்ளணு எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். எது எது என்று பிரித்தறியவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

பிரியும் செல்லைக் காட்ட முதலில் கி-67 போட்டுப் பார்த்தோம். ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறிந்து 1983-இல் வெளியிட்ட, பிரியும் செல்லின் ஒரு புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி அது. ஊரின் பெயரும், தட்டில் அந்தக் குளோன் இருந்த எண்ணும் சேர்ந்து பெயராகிவிட்டது. எங்களிடம் இருந்தது அதே புரதத்தைத் தேடும், மனிதத் திசுவுக்கான எம்ஐபி-1 என்ற ஆன்டிபாடி. எலித் திசுவில் அது ஒட்டாது என்பதை ஒரு வாரம் வெறும் நீல ஸ்லைடுகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதனால் பிசிஎன்ஏவுக்கு மாறினோம். டிஎன்ஏ நகலெடுக்கும் நொதியைப் பிடித்துக்கொண்டு இழையோடு நகரும் வளையப் புரதம் அது, எலிக்கும் பொருந்தும்.

எங்கள் ஆய்வகத்தின் திசுவியல் டெக்னீசியன் எல்லோருக்கும் அண்ணன். "தம்பி, ஒவ்வொரு மெழுகு பிளாக்கிலயும் அதே எலியோட சிறுகுடல் ஒரு துண்டு சேர்த்து வைங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். குடலின் குழிகளில் செல்கள் எந்நேரமும் பிரிந்துகொண்டே இருக்கும். சில நாளுக்கொரு முறை உட்பூச்சே புதிதாகிவிடும். அங்கே சாயம் ஏறவில்லை என்றால் கோளாறு சாயத்தில். நானும் வைத்தேன். ஆனால் எண்ணும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை, கல்லீரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணி முடித்தபோது மூலிகைக் குழுவில் பழுப்புக் கருக்கள் கண்ணுக்கே தெரியும் அளவு அதிகம். அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, மருந்து வேலை செஞ்சிருக்கு!" அவர் இரண்டு குழு ஸ்லைடுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

"கல்லீரலை விடுங்க தம்பி. இதுல குடல் ஏன் வெளுத்திருக்கு?"

மூலிகை கொடுக்காமல் காயம் மட்டும் செய்த காயக் குழுவின் எல்லா ஸ்லைடிலும் குடல் குழிகள் மங்கியிருந்தன. மூலிகைக் குழுவில் கரும்பழுப்பு. பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். காயக் குழு எலிகளின் திசுவை எடுத்தது போகியன்று காலை. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டு நான் ஊருக்குப் போய்விட்டேன். பொங்கல் விடுமுறை முடிந்து ஐந்தாம் நாள்தான் வெளியே எடுத்தேன். விடுமுறைக்குப் பின் செய்த மூலிகைக் குழு 24 மணி நேரம்தான் ஊறியது. ஃபார்மலினில் கூடுதல் நாள் கிடந்தால் பிசிஎன்ஏ மறைந்துகொண்டே போகும். கல்லீரல் வளர்ச்சி என்று நான் எண்ணியது என் விடுமுறையைத்தான். கேள்வி கேட்காமலே அந்த எண்ணை நம்பினேன், நான் விரும்பிய எண் அது என்பதால். எதிர்ப்பக்கமாக வந்திருந்தால் அன்றே பதிவேட்டைத் தேடியிருப்பேன்.

மறுபடி செய்ய விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கூடுதல் எலிகள் கேட்க வேண்டியிருந்தது. வீணான உயிர்களுக்குக் காரணம் எழுதும் அந்தப் படிவத்தை நிரப்பிய மாலை இன்னும் மனதில் உறுத்துகிறது. இம்முறை குழுக்களைக் கலந்து, ஒரே நாளில், எல்லாத் திசுவும் 24 மணி நேரம். கூடவே திசு எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் பிஆர்டியூ ஊசி. டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான தைமிடினின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் பொருள் அது. அந்த இரண்டு மணி நேரத்தில் டிஎன்ஏ நகலெடுத்த செல்லில் மட்டும் பதியும். பிசிஎன்ஏ அப்படியில்லை. வேலை முடிந்த பின்னும் பல மணி நேரம் செல்லில் தங்கும், டிஎன்ஏ பழுது பார்க்கவும் வந்து நிற்கும். நச்சு தின்ற கல்லீரலில் பழுதுக்கா பஞ்சம்? ஒரே கல்லீரலில் பிசிஎன்ஏ காட்டியதைவிட பிஆர்டியூ காட்டியது வெகு குறைவு. மூலிகைக்கும் காயத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் இரண்டிலுமே போய்விட்டது.

பிஆர்டியூ பதிந்தாலும் ஒரு செல் இரண்டாகிவிட்டது என்று கல்லீரலில் சொல்ல முடியாது. டிஎன்ஏவை இரட்டிப்பாக்கிவிட்டுப் பிரியாமலே நின்றுவிடும் செல்கள் இங்கே நிறைய. எலிக் கல்லீரலில் இரட்டைக் கரு கொண்ட செல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆகவே சாதாரண ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாய ஸ்லைடில் பிரிநிலை உருவங்களையும், அதாவது பிரியும் நிலையிலேயே கண்ணுக்குத் தெரியும் செல்களையும், தனியாக எண்ணினேன். "வளர்ச்சியைத் தூண்டுகிறது" என்ற வரியை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டு, அட்டவணையின் கீழே ஃபார்மலின் மணிக்கணக்கை எழுதினேன்.

இப்போது மருத்துவமனை நோயியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். கல்லீரல் கட்டிகளில் கி-67 எத்தனை சதவீதம் என்று கேட்டு வருகிறார்கள். கட்டியின் எந்த ஓரத்தில் எண்ணுகிறோம், இடையில் புகுந்த வெள்ளணுக்களை விலக்கினோமா என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். ஒருபுறம் பிரியும் செல்கள் இருக்க மறுபுறம் சாகும் செல்களும் இருக்கும். அவற்றை கி-67 காட்டாது. சதவீதத்தோடு இதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதுகிறேன்.

அன்றைய குடல் துண்டுபோல, சாயத்தைச் சரிபார்க்க எங்கள் ஸ்லைடுகளின் ஓரத்தில் டான்சில் துண்டு ஒன்று இருக்கும். போன மாதம் ஒரு கட்டியில் எண்ணிக்கை மிகக் குறைவாக வந்தது. டான்சிலைப் பார்த்தேன், நடுவே கரும்பழுப்பாக இருக்க வேண்டிய வட்டங்கள் தேநீர்க் கறைபோல வெளுத்திருந்தன. அறிக்கையை நிறுத்தி மறுபடி சாயமேற்றச் சொன்னேன். மறுநாள் வந்த ஸ்லைடில் டான்சில் சரியாக எடுத்திருந்தது. கட்டியின் எண்ணும் ஏறியிருந்தது.