கஞ்சா எண்ணெய்: இலாபம் இயந்திரத்தின் வேகத்தில் இல்லை

கஞ்சாச் செடியிலிருந்து எண்ணெய் பிரித்தெடுக்கும் புதிய இயந்திரங்களை விற்பவர்கள், ஒரு நாளில் எத்தனை கிலோ பூவைக் கையாளலாம் என்பதையே முதலில் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் எண்ணெய் கிடைக்கிறதா என்பதே இந்தத் தொழிலின் வருமானத்தைத் தீர்மானிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எண்ணெயைக் கரைத்தெடுக்கப் பயன்படும் கரைப்பான்களில் பியூட்டேன் மலிவானது, எளிதில் ஆவியாகிவிடும். ஆனால் சிறு கசிவும் வெடிவிபத்தில் முடியலாம். எத்தனால் பெரிய அளவுக்கு ஏற்றது என்றாலும், நன்கு குளிரூட்டாமல் பயன்படுத்தினால் பச்சையத்தையும் மெழுகையும் சேர்த்தே இழுத்து வந்துவிடும். காபிக் கொட்டையிலிருந்து கஃபீனை நீக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் கார்பன் டை ஆக்சைடு முறைதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது. சுமார் 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் 74 பார் அழுத்தத்தையும் கடந்ததும் அந்த வாயு திரவத்தைப் போலக் கரைக்கவும் வாயுவைப் போல ஊடுருவவும் தொடங்குகிறது. அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால் மணம் தரும் டெர்பீன்களை முதலிலும் கஞ்சாவின் செயல்திறன் கொண்ட சேர்மங்களான கன்னாபினாய்டுகளைப் பின்னரும் பெருமளவு தனித்தனியே எடுக்க முடிகிறது. எண்ணெயில் கரைப்பானின் எச்சம் எதுவும் தங்குவதில்லை. உயர் அழுத்தக் கலன்களுக்கு ஆகும் முதலீடு மட்டும் கனமானது.

அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டம், போதை தரும் கன்னாபினாய்டான டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியதும், பலரும் போதை தராத கன்னாபினாய்டான சிபிடி எண்ணெய் எடுக்க முனைந்தார்கள். வரத்து தேவையை மிஞ்சியதால் அடுத்த சில ஆண்டுகளிலேயே அதன் மொத்த விலை சரிந்தது. அதே 2018இல், அதே சிபிடியைக் கொண்ட எபிடியோலெக்ஸ், அரிய வகை வலிப்பு நோய்களுக்கான மருந்தாக அங்கே ஒப்புதல் பெற்றது. அதை உருவாக்கிய ஜிடபிள்யூ மருந்து நிறுவனத்தை ஜாஸ் மருந்து நிறுவனம் 2021இல் ஏறக்குறைய 720 கோடி டாலருக்கு வாங்கியது. மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான்; ஆனால் மருத்துவச் சோதனைகளும், ஒவ்வொரு குப்பியிலும் மாறாத அளவும், அவற்றை மெய்ப்பிக்கும் ஆவணங்களுமே அந்த மதிப்பை உண்டாக்கின.

ஆகவே புதிய தொழில்நுட்பத்தில் பணம் போட நினைப்பவர்கள், விளைச்சல் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே, மெழுகு நீக்கல், வடித்தல், பகுப்பாய்வு ஆகிய பின்கட்டப் பணிகளை அந்த இயந்திரம் எவ்வளவு எளிதாக்குகிறது என்று கேட்க வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், அனுமதிக்கப்பட்ட டிஎச்சி வரம்புக்குள் நிற்கும்படி கலவையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் இயந்திரத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.