மூன்று மணி நிழல்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள களுவாஞ்சிகுடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்தரையில், 15 பேர்ச் வளவொன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கோடிப்புறத்தில் நின்ற கிழட்டு மாமரத்தை, அடிமரம் உக்கிவிட்டதால், நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் தறித்தோம். அடுத்த வைகாசியில் கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசத் தொடங்கிய பின்னரே அம்மரம் இத்தனை காலமும் எங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது விளங்கிற்று. பிற்பகலில் குசினிச் சுவரில் கை வைக்க முடியவில்லை. அம்மா காலை பத்து மணிக்குள் சமையலை முடித்துக்கொள்ளப் பழகினார்.

என்ன மரம் நடலாம் என்று கேட்டால் எங்கள் ஊரில் விடை சொல்லாதவர் இல்லை. எந்த இடத்தில் நடப்போகிறாய் என்று மட்டும் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கோ இடத்தை முடிவுசெய்யாமல் மரத்தை முடிவுசெய்வது தலைகீழான வேலையாகப் பட்டது.

எங்கள் ஊர் வட அகலக்கோட்டில் ஏறக்குறைய ஏழரைப் பாகையில் உள்ளது. அதனால் சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னர் உச்சிக்கு நேரே வரும் சூரியன், அதன் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகலில் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. தெற்கில் நிழல்மரம் நடுங்கள் என்று குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் கூறும் அறிவுரையை இங்கு பின்பற்றினால், கச்சான் வீசும் மாதங்களில் அம்மரத்தின் நிழல் வீட்டுக்குப் பயன்படாது. ஆனி மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் மேற்கிலிருந்து சற்று வடக்கே ஒதுங்கி, அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். அவ்வேளையில் எப்பொருளின் நிழலும் அதன் உயரத்தளவே நீளும். இதை நூலில் படித்ததோடு நிற்காமல், ஆறடிக் கமுகங் கம்பு ஒன்றை வளவில் இடம் மாற்றி மாற்றி நட்டு, நிழல் விழும் திசையை ஒரு கிழமை முழுவதும் பார்த்தேன். பக்கத்து வளவுக்காரர் நான் கிணற்றுக்கு நிலையம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டார். இறுதியில், குசினிச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி, மேற்கும் வடமேற்கும் சேர்ந்த மூலையில், கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் தூரமாகவே ஓர் இடம் அமைந்தது. அங்கு 20 அடி உயரத்தில் ஒரு மரம் நின்றால் மூன்று மணி வெயில் சுவரின் கீழ்ப்பாதியிலேனும் படாது.

இனி மரம். தேக்கு வேண்டுமென்பது மாமாவின் விருப்பம். பிள்ளைகளுக்குப் பலகையாகும் என்றார். கோடையில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் மரத்தை நிழலுக்காக நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலா நல்ல மரம்தான், ஆயினும் வளர்ந்து இடைஞ்சலாகிவிட்டால் அதைத் தறிக்கச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். ஈரப்பலாவின் கொப்புகள் இலகுவில் முறிவன. மீண்டும் மாமரம் என்ற பேச்சை அம்மாவே நிறுத்தினார்: சீற்றுக் கூரையில் மாங்காய் விழும் சத்தமும் முசுறு எறும்புக் கடியும் அவருக்குப் போதுமாயிருந்தன.

வேம்பைத்தான் நான் முதலில் மனதில் வைத்திருந்தேன். வறட்சியைத் தாங்கும், நிழலும் அடர்த்தியானது, அம்மன் சடங்குக் காலத்தில் குழைக்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. ஆனால் வேம்புக்கு வேரடியில் நீர் தேங்கக் கூடாது. மார்கழி அடைமழையில் நான் தெரிவுசெய்த இடத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்தபோது ஒன்றரை அடியிலேயே தண்ணீர் ஊறி நின்றது. எங்கள் வளவு கோடையில் பாலைவனம், மாரியில் சதுப்புநிலம். இரண்டையும் பொறுக்கும் மரமே இங்கு தேவை. பூவரசு பொறுக்கும், உவரையும் தாங்கும். எனினும் எங்களூரில் அதை வேலிக்குக் கதியாலாக, அதாவது கொப்பை வெட்டி ஊன்றி, நடுவதே வழக்கம், கதியாலில் முளைத்த மரத்துக்கு ஆணிவேர் இருப்பதில்லை.

ஆணிவேரை நான் இவ்வளவு பெரிதாக எண்ணுவதற்கு அப்பாவே காரணம். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியின்போது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. விடிந்து பார்த்தபோது வளவில் ஒரு தென்னையும் நிமிர்ந்து நிற்கவில்லை என்பார். காற்று வரும் திசையைக் கணித்து, மரம் வீட்டுக்கு எதிர்ப்புறமாக விழும்படி நடலாமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு அவர் சிரித்தார். அவர் சிரித்தது சரியே, ஏனெனில் சூறாவளியின் மையம் கடந்துபோகும் இடத்தில் ஒரு பக்கமிருந்து அடித்த காற்று சற்று ஓய்ந்து, பின்னர் எதிர்ப்பக்கமிருந்து திரும்பி அடிக்கும். ஆகவே நம்பத்தக்கவை வேரின் ஆழமும், மரத்தை உயரவிடாமல் கவாத்துப் பண்ணும் ஒழுங்கும் மட்டுமே.

இவ்வாறு கழித்துக் கழித்து வந்தபோது புங்கு மிஞ்சியது. நீர் தேங்கினாலும் உவர் ஏறினாலும் அது தாக்குப்பிடிக்கும், வெட்டினால் தழைக்கும், அவரைக் குடும்பத்து மரமாகையால் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து, எங்கள் வெறும் மணலிலும் தன் உணவைப் பெருமளவு தானே தேடிக்கொள்ளும். பையில் வளர்ந்த கன்றை வாங்கினால் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கக் கூடும் என்று அஞ்சி, ஐப்பசியில் முதல் மழை நனைத்த தரையில் நான்கு விதைகளை நேரடியாகவே ஊன்றினேன். மூன்று முளைத்தன. திடமானதை விட்டு மற்ற இரண்டையும் பிடுங்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அவற்றைச் சட்டியில் எடுத்து வைத்து, ஒன்றை மாமாவுக்குக் கொடுத்தார்.

இந்த ஆனியில் மரம் ஆறடியை எட்டியிருக்கிறது. மூன்று மணிக்கு அதன் நிழலும் ஆறடிதான். சுவரைத் தொட இன்னும் ஒன்பது அடி வேண்டும். அதுவரைக்கும் சுவரோரமாகக் கிடுகுத் தட்டியொன்றைச் சாய்த்து வைத்திருக்கிறோம்.