இட்லிப் படம்

இன்று காலை, தாராவி 90 அடிச் சாலைக்கு அருகே நான் ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் சிறப்புக் கல்வி வகுப்பில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நான் வைத்த சப்பாத்திப் படத்தை மூன்றாம் முறையாகக் கவிழ்த்து வைத்தான்.

ஆட்டிசம் உள்ள அவனுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. வேண்டிய பொருளின் படத்தை எடுத்துக் கொடுத்தால் அந்தப் பொருள் உடனே கைக்கு வரும் என்று குழந்தை உணர்வதே, 1985-இல் அமெரிக்காவில் உருவான படப் பரிமாற்ற முறையின் முதல் படி, அப்போது "என்ன வேண்டும்?" என்று நாம் வாய் திறந்து கேட்கவும் கூடாது.

இதையெல்லாம் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அவனுடைய டிபன் டப்பாவில் இருந்தது இட்லி என்பதைக் கவனிக்க எனக்கு இருபது நிமிடங்கள் ஆயின.

அச்சிட்ட அட்டைகளில் இட்லி இல்லை. வெள்ளை அட்டையொன்றில் வட்டம் வரைந்து, பக்கத்தில் சட்னிக்காகப் பச்சை தீட்டினேன். அவன் அதை நெடுநேரம் பார்த்தான், பச்சையை மட்டும் விரலால் தேய்த்தான், பிறகு அட்டையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தியாவின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய 7 குறைபாட்டு வகைகளில் ஆட்டிசம் இல்லை. பட்டியல் 21 ஆக விரிந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது இடம்பெற்றது. நல்லதுதான். ஆனாலும் அந்த ஒரே சொல்லின் கீழ் வரும் இரண்டு குழந்தைகள் ஒரே அட்டையை எடுப்பதில்லை.

மாலையில் அழைத்துப் போக வந்த அவனுடைய அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சர், இவன் சட்னி தொட மாட்டான், பொடிதான்."

நாளை சிவப்புப் பென்சில் எடுத்துச் செல்ல வேண்டும்.